பூஸ்ட் கேஜ் முள் துடிக்கிறதா?

டர்போ ஊதும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் மீட்டர்தான் பூஸ்ட் கேஜ். ஆக்சிலரேட்டரை நிலையாக மிதித்தும் அதன் முள் படபடவென்று துடிக்கிறது.

பெரும்பாலும் கேஜ் மேல் குற்றமில்லை. கேஜுக்கு அழுத்தம் கொண்டுவரும் டியூபில் ரெஸ்ட்ரிக்டர் இல்லாததுதான் காரணம். ரெஸ்ட்ரிக்டர் என்பது துடிப்பை அடக்கும், நுண்துளை உள்ள சின்னப் பித்தளைத் துண்டு, அவ்வளவுதான்.

டியூபுக்குக் கிளை எடுக்கும் டீ-கனெக்டரை எங்கே போடுகிறோம் என்பதுதான் பெரிய விஷயம். டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைத் தாண்டி, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் இன்டேக் மேனிஃபோல்டில் எடுங்கள். இன்ஜினுக்குள் போகும் அழுத்தம் அங்கேதான் தெரியும்.

டர்போ அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கும் வால்வான வேஸ்ட்கேட்டின் ஹோஸை, டீ போடுவதற்காக வெட்டவே வெட்டாதீர்கள். அந்த இணைப்பு கசிந்தால் கேட்டைத் திறக்கும் ஆக்சுவேட்டருக்கு அழுத்தம் குறையும், கேட் தாமதமாகத் திறக்கும், டர்போ அளவு மீறி ஊதும்.

இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகடான ஃபயர்வாலில், துளையில் பொருந்தும் ரப்பர் வளையமான கிராமெட் வழியாகவே டியூபை இழுங்கள். தகட்டு விளிம்பு நாளடைவில் அறுத்துவிடும்.

டீசலில் ஐடிலில் முள் பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கும், பயப்பட வேண்டாம். வண்டி நன்றாக இருக்கும்போதே, ஒரே ஏற்றத்தில், ஒரே கியரில் காட்டும் அளவைக் குறித்து வையுங்கள். பின்னால் 3, 4 பிஎஸ்ஐ குறைந்தால் முதலில் இன்டர்கூலர் ஹோஸ் கிளாம்பைப் பாருங்கள்.