மர மில் இருந்த ஊருக்கு ஒரு மலை ரயில்

கார் வாடகைக்கு எடுத்த இடத்தில் பட்ட எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. இணையத்தில் காட்டிய தொகை ஒன்று, கவுண்டரில் கேட்டது ஒன்றரை மடங்கு. காப்பீடு, இரண்டாவது ஓட்டுநர் என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனார்கள். பழைய நீராவி மலை ரயிலில் ஏறத்தான் இந்தப் பயணம். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மலைக்குள், அந்த ரயில் கிளம்பும் காஸ் என்ற சிற்றூருக்குக் கார் இல்லாமல் போவது கஷ்டம் என்பதால் கொடுத்துத் தொலைத்தோம். அந்த நஷ்டத்தை ஈடுகட்டத்தான் எலுமிச்சைச் சோறு கட்டிக்கொண்டு போனோம்.

வரைபடத்தை முன்கூட்டியே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலுள்ள கிரீன் பேங்க் ரேடியோ தொலைநோக்கிக்காக 1958 முதல் இந்த வட்டாரத்தில் ரேடியோ அலைகளுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. கடைசி ஒரு மணி நேரம் செல்போனில் சிக்னலே இல்லை.

ஆனால் அந்த ரயில்! நம் நீலகிரி ரயில் பன்னிரண்டுக்கு ஒன்று (பன்னிரண்டடி போனால் ஓரடி உயர்வு) என்ற ஏற்றத்தை, எஞ்சினின் பல்சக்கரம் கவ்வுவதற்கென்றே போட்ட பல் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. இங்கே பல் தண்டவாளம் கிடையாது. ஏற்றமோ சில இடங்களில் 11 சதவீதம், ஏறக்குறைய ஒன்பதுக்கு ஒன்று! ஷே என்ற வகை நீராவி எஞ்சினால்தான் இது முடிகிறது. சிலிண்டர்கள் வலப்பக்கம் செங்குத்தாக நிற்கின்றன. அவை சுழற்றும் நீண்ட தண்டு ஒன்று, பல்சக்கரங்கள் வழியாக எல்லாச் சக்கரங்களையும் உருட்டுகிறது. கிரீஸ் மினுமினுக்க அந்தப் பற்கள் ஒன்றையொன்று கவ்வுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சத்தத்தைக் கேட்டால் எக்ஸ்பிரஸ் பறப்பதுபோல் இருக்கும், வேகமோ நடைவேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். இங்குள்ள ஐந்தாம் எண் எஞ்சின் 1905-இல் செய்தது. காட்டு மரம் இழுப்பதற்கென்றே வந்தது. நாங்கள் உட்கார்ந்த பெட்டிகளும் ஒரு காலத்தில் மரம் ஏற்றிய வண்டிகள்தாம். கரித்தூள் தலையெல்லாம் கொட்டியது. வெள்ளைச் சட்டை வேண்டாம்.

டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு வழியில் வரும் விட்டேக்கர் நிலையம் வரை போதும் என்று நினைக்காதீர்கள். பணம் கூடுதலானாலும் பால்ட் நாப் மலை உச்சிக்கே போங்கள். அரை நாள் ஆகும். ஊசியிலைக் காட்டின் குளிர் மேலே போனால்தான் தெரியும்.

ரயிலைவிட்டு இறங்கியதும் பெரும்பாலோர் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. 1901-இல் ஒரு காகிதக் கம்பெனி எழுப்பிய ஊர் இது. மரம் அறுக்கும் மில்லில் பதினொரு மணி நேர ஷிப்ட், நாளுக்கு இரண்டு, வாரத்துக்கு ஆறு நாள். 1960-இல் மில்லை மூடியதும் தண்டவாளத்தைப் பழைய இரும்புக்குப் பெயர்க்க இருந்தார்கள். ரயில் பித்தர்களும் உள்ளூர்க்காரர்களும் விடாமல் முயன்றதால் மாநில அரசு அதை வாங்கியது. 1963-இல் சுற்றுலா ரயில் ஓடியது. பின்னால் தீயில் மில் அழிந்துபோனது. இப்போது ஆற்றோரம் துருப்பிடித்த இயந்திரங்களும் இடிந்த சுவர்களும்தான் மிச்சம். தொழிலாளர்களின் வெள்ளை மர வீடுகள் வரிசை குலையாமல் நிற்கின்றன. அவற்றில் வாடகைக்குத் தங்கலாம். கம்பெனிக் கடையும் இருக்கிறது, உள்ளே இப்போது நினைவுப் பொருள்கள் விற்கிறார்கள். எஞ்சினுக்கு இத்தனை பேர் கைதட்டினார்கள், அந்த எஞ்சின் சுமந்த மரத்தை அறுத்தவர்களின் தெருவில் நடக்க ஆளில்லை. போகிறவர்கள் மில் இடிபாடுகளுக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள், அதற்கு டிக்கெட்டும் கிடையாது.