வலப்பக்கம் கடல்: நடையின் கடைசி நாட்கள்

செப்டம்பர் 13, வெள்ளி. லல்வர்த்

இன்று நடக்கவில்லை. இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையோரப் பாதையில் மைன்ஹெட்டிலிருந்து புறப்பட்டு ஐம்பது நாட்களாகின்றன. முடிவுக்கு ஏறக்குறைய 45 கிலோமீட்டரே மிச்சமிருக்கும் நிலையில் வழி அடைபட்டிருக்கிறது. லல்வர்த்துக்குக் கிழக்கே இருப்பது ராணுவத்தின் பீரங்கிப் பயிற்சித் தளம். பெரும்பாலான வார இறுதிகளிலும் விடுமுறைக் காலங்களிலும்தான் அதன் ஊடாகச் செல்லும் கரையோரப் பாதையைத் திறக்கிறார்கள். ஊர்ப்புறமாகச் சுற்றிப் போயிருக்கலாம், ஆனால் இத்தனை நாள் வலப்பக்கமாகவே கூட வந்த கடலை இந்தக் கடைசிக் கட்டத்தில் விட்டு விலக மனம் ஒப்பவில்லை. குன்றுக்கு அப்பாலிருந்து வரும் குண்டுச் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருக்கிறேன்.

இடது காலணியின் அடிப்பகுதி முன்பக்கம் வாய் பிளந்துவிட்டது. உள்ளே சேர்ந்திருந்த மணலைக் குச்சியால் நோண்டி எடுத்து, ஈரம் போகத் துடைத்து, பசை தடவி, கயிற்றால் நான்கு சுற்று இறுக்கிக் கட்டினேன். மூன்று நாள் தாங்கினால் போதும்.

கரையைச் சுற்றி வரும் இந்தப் பாதையின் நீளம் 1,014 கிலோமீட்டர். கடத்தல்காரர்களைத் தேடிக் கடலோரக் காவலர்கள் ரோந்து போன தடம் இது. ஒவ்வொரு சிறு குடாவுக்குள்ளும் அவர்கள் எட்டிப் பார்த்தாக வேண்டியிருந்தது. ஆகவே குறுக்கு வழி என்பதே இதற்குத் தெரியாது. எதிரே கூப்பிடு தூரத்தில் தெரியும் முனையை அடைய, இறங்கி, வளைந்து, மீண்டும் ஏறி ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். முதல் வாரத்தில் இது எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போதோ, ஒரு குடாவைப் பார்க்காமல் தாண்டிவிட்டால் எதையோ தவறவிட்டது போல இருக்கிறது.

செப்டம்பர் 14, சனி. கிம்மரிட்ஜ்

காலையில் வாயில் திறந்திருந்தது. தளத்துக்குள் மஞ்சள் கம்பங்கள் காட்டும் தடத்தை விட்டு விலகக் கூடாது; வெடிக்காத குண்டுகள் புல்லுக்குள் கிடக்கலாம். ஃபிளவர்ஸ் பாரோ ஏற்றம் மூச்சை வாங்கிவிட்டது. உச்சியில் இரும்புக் காலத்து மண்கோட்டை ஒன்றின் அரண்கள் இருக்கின்றன. அதன் தென்பகுதி கடலரிப்பில் சரிந்து போய்விட்டதால், எஞ்சிய அரண் பாறை விளிம்பில் வெட்டிவிட்டது போல நிற்கிறது.

வோர்பரோ குடாவிலிருந்து சற்று உள்ளே நடந்து டைனம் கிராமத்துக்குப் போய் வந்தேன். 1943 டிசம்பரில் போர்ப் பயிற்சிக்காக இந்த ஊரைக் காலி செய்தார்கள். திரும்பி வருவோம் என்ற நம்பிக்கையில், வீடுகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளும்படி தேவாலயக் கதவில் ஒரு குறிப்பை எழுதி வைத்துவிட்டுப் போனவர்கள் பிறகு குடியேற முடியவே இல்லை. கூரையில்லாத சுவர்களுக்கு நடுவே நின்றபோது, நடையை முடிப்பது பற்றிய என் சிறு வருத்தத்தை வெளியே சொல்லவே கூச்சமாக இருந்தது.

செப்டம்பர் 15, ஞாயிறு. ஸ்வானேஜ்

நடையின் கடைசி நீண்ட நாள். கிம்மரிட்ஜ் குடாவுக்கு மேலே நிற்கும் கிளாவெல் கோபுரம் 1830ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. பாறை விளிம்பு அரித்து அரித்து அதன் காலடி வரை வந்துவிட்டதால், கல் கல்லாகப் பிரித்தெடுத்து 25 மீட்டர் உள்ளே தள்ளி மறுபடியும் கட்டியிருக்கிறார்கள். 2008இல் அந்த வேலை முடிந்தது. பாதையும் அப்படித்தான் நகர்கிறது. சரிந்த இடங்களில் வேலியைப் பின்னால் நட்டுப் புதுத் தடம் போடுகிறார்கள். நான் மிதித்த மண்ணில் சில அடிகள் இன்னும் சில ஆண்டுகளில் அலைக்குள் இருக்கும்.

செயின்ட் ஆல்டெல்ம்ஸ் முனைக்கு முன்னால் வரும் செங்குத்துப் படிகளில் முழங்கால் கெஞ்சியது. மொத்தப் பாதையின் ஏற்றங்களைக் கூட்டினால் 35,000 மீட்டர், அதாவது எவரெஸ்டின் உயரத்தைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு வரும். இனி பெரிய ஏற்றம் ஒன்றுதான் பாக்கி. அன்வில் முனையின் வெள்ளைக் கலங்கரை விளக்கத்தைத் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது.

செப்டம்பர் 16, திங்கள். சவுத் ஹேவன் முனை

பல்லார்டு மேட்டில் ஏறி இறங்கினால் ஓல்ட் ஹாரி பாறைகள். வெண்சுண்ணப் பாறைத் தூண்கள் கடலுக்குள் தனித்து நிற்கின்றன. கிழக்கே, வைட் தீவின் முனையில், இதே போன்ற வெண்பாறைகள் தெரிந்தன. ஒரு காலத்தில் ஒரே தொடராக இருந்த சுண்ணப்பாறையை நடுவே கடல் தின்றுவிட்டிருக்கிறது.

பிறகு ஸ்டட்லண்ட் மணற்கரை. இத்தனை ஏற்ற இறக்கங்களுக்குப் பிறகு கடைசி ஐந்து கிலோமீட்டர் முழுவதும் சமதளம். அலை நனைத்து இறுகிய மணலில் எளிதாக நடக்கலாம் என்றாலும், வேண்டுமென்றே மெல்ல நடந்தேன். கரையின் சரிவில் வலது கால் எப்போதும் சற்றுத் தாழ்வாகவே ஊன்றியது. கயிறு கட்டிய காலணியின் தடம் மட்டும் குறுக்கே நான்கு கோடுகளுடன் பதிந்து வந்தது.

மைன்ஹெட்டில் வரைபடத்தை ஏந்திய இரண்டு பெரிய கைகளின் சிற்பத்திலிருந்து தொடங்கினேன். இங்கே நீலநிறச் சிற்பம் ஒன்று முடிவைக் குறிக்கிறது. அதைத் தொட்டேன். எதிரே பூல் துறைமுகத்தின் வாய். அக்கரைக்குப் போகும் சங்கிலிப் படகு ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது, திரும்பி வந்தது, மறுபடியும் கிளம்பியது. மூன்று முறை அதைப் போகவிட்டு, நான்காவது முறைதான் ஏறினேன்.