சதுரமாக நான்கு சிலிண்டர்
பாம்பன்காரர்களுக்கு டூ ஸ்ட்ரோக் புகை படகு எஞ்சினிலேயே பழக்கம். என் மனசு நிற்பது 1985இல் வந்த சுசுகி ஆர்ஜி 500 காமா பைக்கில். பிரிட்டிஷ் ரேஸ் வீரர் பேரி ஷீன் 1976, 77இல் உலகப் பட்டம் வென்ற ரேஸ் வண்டியின் வாரிசு.

சாதாரண டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் கலவை வரும் வழியைப் பிஸ்டனே திறந்து மூடும்; அதனால் திறக்கும் நேரமும் மூடும் நேரமும் ஒன்றோடொன்று கட்டுப்பட்டவை. காமாவில் கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) முனையில் சுழலும் மெல்லிய தட்டு அதைச் செய்கிறது, நேரங்களைத் தனித்தனியாக வைக்கலாம். ஆனால் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் அந்தத் தட்டை ஒட்டி, பக்கவாட்டில்தான் உட்காரும். நான்கு சிலிண்டரையும் வரிசையாக வைத்தால் நடுவில் உள்ள இரண்டுக்கு இடமேது? அதனால்தான் சதுரம், இரண்டு கிராங்க். எவ்வளவு அழகான தீர்வு!

அப்புறம் அந்த அலுமினிய ஃபிரேம். நம்ம உப்புக்காற்றில் இரும்பு படும் பாடு தெரிந்தவர்களுக்கு அதன் மேல் தனி ஆசை வரும்.

அரிச்சல்முனை ரோட்டில் யாராவது ஒரு காமாவைப் பார்த்தால் உடனே போன் போடுங்கள், வந்துவிடுகிறேன்.