அப்பாவுக்கு ஓர் ஒலி, சகோதரனுக்கு வேறொன்று

ஜெர்மன் படிக்க ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. ஆங்கிலத்தில் ஃபாதர், பிரதர் இரண்டிலும் நடுவில் வருவது ஒரே ஒலி. ஜெர்மனில் அப்பா ஃபாட்டர், சகோதரன் ப்ரூடர். ஒன்றில் வலிய 'ட்ட', இன்னொன்றில் மெலிந்த 'ட'. ஏன்?

மூல மொழியின் மெய்யொலிகள் ஜெர்மானிய மொழிகளில் எப்படி மாறின என்று சொல்லும் கிரிம் விதி பலருக்கும் தெரிந்திருக்கும். நாட்டுப்புறக் கதைகள் தொகுத்த அதே யாக்கோப் கிரிம் 1822-இல் எழுதியது (டென்மார்க்கின் ராஸ்முஸ் ராஸ்க் 1818-லேயே இதில் பெரும்பகுதியைச் சொல்லிவிட்டார், விதிக்கு அவர் பெயர் வைக்காதது எனக்கு இன்னும் வருத்தம்தான்). சமஸ்கிருதத்திலும் லத்தீனிலும் ப, த, க என நிற்பவை ஜெர்மானிய மொழிகளில் (ஆங்கிலம், ஜெர்மன் முதலானவை) காற்று உரசி வரும் ஒலிகளாயின. நமக்குத் தெரிந்த பாதம் ஆங்கிலத்தில் ஃபுட், லத்தீன் 'கொர்னு' அங்கே ஹார்ன்.

சரி, அப்படியானால் சமஸ்கிருதத்தின் பிதா (அப்பா), ப்ராதா (சகோதரன்) இரண்டிலும் உள்ள 'த' ஒரே மாதிரிதானே மாறியிருக்க வேண்டும்? மாறவில்லை. பழைய ஆங்கிலத்தில்கூட ஃபேடர், ப்ரோதர் என்று தனித்தனியாகத்தான் இருந்தன, பிற்காலத்தில்தான் ஒன்றாயின. அரை நூற்றாண்டுக்கு மேல் இது விதிவிலக்காகவே கிடந்தது.

கார்ல் வெர்னர் என்ற இன்னொரு டென்மார்க்காரர் 1875-இல் இதை அவிழ்த்தார். அவர் பார்த்த இடம் வேத சமஸ்கிருதத்தின் சுரங்கள்! பிதாவில் உதாத்தம், அதாவது உயர்ந்த சுரம், கடைசி அசையில் விழுகிறது; ப்ராதாவில் முதல் அசையில். 'த'வுக்கு முந்தைய அசையில் அழுத்தம் இருந்தால் கிரிம் சொன்ன உரசொலி அப்படியே நிற்கும், இல்லாவிட்டால் குரல் சேர்ந்து மெலிந்துவிடும். அப்புறம் ஜெர்மானிய மொழிகளில் அழுத்தம் முதல் அசைக்கே வந்து ஒட்டிக்கொண்டது, காரணமே காணாமல் போய்விட்டது. காரணம் போனபின்னும் அதன் தடம் ஈராயிரம் வருடம் கழித்து ஒரு ஜெர்மன் குழந்தையின் வாயில் இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். ஜெர்மனில் பிறகு மெலிந்தது 'ட்ட' ஆனது, உரசொலி 'ட' ஆனது, ஆனால் இரண்டுக்கும் நடுவில் இருந்த வேறுபாடு அழியவில்லை.

ஆங்கிலத்திலும் ஒரு மிச்சம் உண்டு. ஒருமைக்கு 'வாஸ்', பன்மைக்கு 'வேர்' என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அதில் 'ஸ்' ஏன் 'ர்' ஆனது என்று யாரும் சொல்லித்தரவில்லை. அதுவும் பழைய அழுத்தம் பன்மையில் விகுதிக்கு நகர்ந்ததால்தான்.