சிவகோசரியாருக்கும் ஒரு கனவு

சென்னையிலிருந்து திருப்பதி போகிற ரோட்டில்தான் எங்கள் ஊரான நகரி இருக்கிறது. அதனால் காளஹஸ்திக்குப் பரிகாரம் செய்ய வருகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் எங்கள் வீடுதான் சத்திரம். காஞ்சிபுரம், அரக்கோணம், ஆரணி என்று எங்கிருந்தோ வருவார்கள். ராத்திரி தங்கி, விடியற்காலையில் கிளம்பிப் போய் ராகு கேது பூஜையை முடிப்பார்கள். முடித்ததும் வேறு யார் வீட்டுக்கும் போகக்கூடாது என்று ஒரு வழக்கம் இருப்பதால், எங்கள் வாசலைத் தாண்டியே நேராக ஊருக்குப் போய்விடுவார்கள். வரும்போது இருக்கிற பாசம் திரும்பும்போது இருப்பதில்லை என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

இந்த முறை வந்தவள் என் அண்ணன் மகள். சென்னையில் ஒரு கம்பெனியில் கணக்கு வழக்கு பார்க்கிறாள். வரன் எதுவும் அமையவில்லை, ஜோசியர் தோஷம் என்று சொல்லிவிட்டார். துணைக்கு நானும் போனேன்.

திருப்பதியில் பஸ் மாறி உட்கார்ந்ததும், ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்: "தோஷம் ஜாதகத்துல இல்ல அத்தை, எனக்குள்ளதான் இருக்கு. யாரைப் பார்த்தாலும் எரிச்சலா வருது. கூடப் படிச்சவளுக்குக் குழந்தை பொறந்தா சந்தோஷப்படத் தோணல. சாமி முன்னாடி நின்னாலும் உள்ள ஒண்ணுமே அசையல. இப்படிப்பட்டவளை அவருக்கு எப்படிப் பிடிக்கும்?"

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு எல்லாரும் சொல்கிற பதில் ஒன்றுதான்: கண்ணப்பர். நானும் ஆரம்பித்தேன். வேடர் குலத்தில் பிறந்த, திண்ணனார் என்று பெயர் கொண்ட அவர், பன்றிக் கறியைச் சுட்டு, கடித்துப் பார்த்து, பதமான துண்டாகப் பொறுக்கிப் படைத்தார். பொன்முகலி ஆற்றுத் தண்ணீரை வாயில் கொண்டுவந்து உமிழ்ந்து அபிஷேகம் செய்தார். தலையில் செருகியிருந்த பூவை எடுத்துச் சாத்தினார். சாமிமேல் இருந்த பழைய பூவைச் செருப்புக் காலால் தள்ளினார். அத்தனையையும் ஏற்றுக்கொண்டவர் உன்னை ஒதுக்குவாரா என்று முடிக்கப் போனேன்.

அவள் விடவில்லை. "கண்ணப்பருக்கு வாய்தான் எச்சில், மனசு சுத்தம். எனக்கு வாய் சுத்தம் அத்தை, மனசுதான் எச்சில்."

காளஹஸ்தி வரும் வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. அவள் சொன்னது நியாயம்தானே. கண்ணப்பர் கதையை ஆறுதலுக்குச் சொல்கிறோம். ஆனால் சாமி கண்ணில் ரத்தம் வழிந்ததும் அம்பால் தன் கண்ணையே பிடுங்கி அப்பிய அன்புக்கு முன்னால் நம்மை நிறுத்திப் பார்த்தால் ஆறுதலா வரும்? அழுகைதான் வரும்.

அவள் பூஜைக்கு உள்ளே போய்விட்டாள். நான் பிராகாரத்தில் ஒரு தூணோரமாக உட்கார்ந்துகொண்டேன். சுற்றிலும் கூட்டம். தெலுங்கு, தமிழ், கன்னடம் எல்லாம் காதில் விழுகிறது. தன்னிடம் ஏதோ குறை இருக்கிறது என்று நம்பித்தான் முக்கால்வாசிப் பேர் அங்கே வருகிறார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் தாத்தா ஞாபகம் வந்தது.

1960இல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நகரி ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் எங்களுக்குத் தெலுங்கு. தமிழ் எழுத்து தாத்தா திண்ணையில் சொல்லிக்கொடுத்ததுதான். பெரிய புராணத்தை ராகம் போட்டுப் படிப்பார். கண்ணப்பர் கதையில் கண்ணை அப்புகிற இடத்தில் எல்லாரும் உருகுவார்கள். தாத்தா மட்டும் சிவகோசரியார் வருகிற இடத்தில் நின்று நிதானிப்பார். அந்த வயதில் எனக்கு அது அலுப்பாக இருக்கும். எப்போது அம்பு வரும் என்று காத்துக்கொண்டிருப்பேன்.

சிவகோசரியார் ஆகமப்படி பூஜை செய்கிறவர். காலையில் வந்தால் சந்நிதியில் கறியும் எலும்பும் கிடக்கிறது. பதறிப்போய் எல்லாவற்றையும் கூட்டிக் கழுவிப் பூஜை செய்துவிட்டுப் போகிறார். மறுநாளும் அதே கதை. தினமும் கழுவுகிறார், தினமும் புலம்புகிறார். கடைசியில், இந்த அநியாயத்தை நீர்தான் ஒழிக்க வேண்டும் என்று சாமியிடமே முறையிட்டுவிட்டுப் போய்ப் படுக்கிறார்.

யோசித்துப் பாருங்கள். ஒப்பில்லாத அன்பு தினமும் நடந்துகொண்டிருக்கிறது, இந்த மனுஷன் அதைக் கழுவிக் கொட்டிக்கொண்டிருக்கிறார். சாமிக்குக் கோபம் வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. அன்றைக்கு ராத்திரி கனவில் வந்து, அந்த வேடனின் வடிவெல்லாம் நம்மிடத்தில் அன்பு என்று விளக்குகிறார். நாளைக்கு மறைந்திருந்து பார் என்கிறார். "மனக்கவலை ஒழிக" என்கிறார். முகம் சுளித்தவரைக் கூப்பிட்டுச் சமாதானம் சொல்லி, ஆறாம் நாள் அந்த வேடர் கண்ணை அப்பப்போவதைப் பார்க்க இடமும் கொடுக்கிறார்.

சிவகோசரியார்தான் எனக்குக் கிட்டத்துச் சொந்தம். எங்கள் வீட்டில் தறி ஓடுகிற சத்தத்தில் கத்திக் கத்திப் பேசிப் பழகிய வாய் எனக்கு. கோபம் முந்திக்கொண்டு வரும். விளக்கேற்றிக் கும்பிடும்போதே பாவு அறுந்ததும் கூலி பாக்கியும் தலைக்குள் ஓடும். பக்கத்து வீட்டுக்காரி கோலத்தில் குற்றம் கண்டுபிடிக்காமல் எனக்குப் பொழுது விடியாது. இந்த வயசுக்கு மேல் இதெல்லாம் முழுசாகப் போய்விடும் என்கிற நம்பிக்கையும் இல்லை.

தாத்தா எப்போதும் முணுமுணுக்கிற ஒரு திருவாசக வரி உண்டு, திருக்கோத்தும்பியில் வருவது:

கண்ணப்பன் ஒப்பதோர் அன்பின்மை கண்டபின்
என்னப்பன் என்னொப்பில் என்னையும் ஆட்கொண்டருளி

எழுதியவர் மாணிக்கவாசகர். கண்ணப்பரைப் போன்ற அன்பு என்னிடம் இல்லை என்கிறார். கொஞ்சம் இருக்கிறது, போகப் போக வளரும் என்றெல்லாம் மழுப்பவில்லை. அந்த இல்லாமையைப் பார்த்த பிறகுதான் என் அப்பன் என்னையும் எடுத்துக்கொண்டான் என்கிறார். ஏமாந்துபோய் ஏற்றுக்கொள்ளவில்லை, உள்ளே இருக்கிற ஓட்டை ஒடிசல் எல்லாம் தெரிந்தேதான். அவருக்கே அப்படி என்றால், அண்ணன் மகளுக்கும் எனக்கும் தனிச் சட்டமா என்ன?

வெளியே வந்ததும் அவளுக்கு இதைச் சொன்னேன். கண்ணப்பராக மாறினால்தான் பிடிக்கும் என்று எந்தப் பாட்டிலும் இல்லடி, எரிச்சலோடயே வந்து நில்லு என்றேன். ரொம்ப நேரம் யோசித்தாள். அப்புறம், "அப்போ என் ஃபிரண்டு குழந்தையைப் பார்க்கப் போகும்போதும் எரிச்சலோடயே போகலாமா?" என்றாள். போகலாம், வெறுங்கையோடு மட்டும் போகாதே என்றேன். சிரித்துவிட்டாள்.

ரேணிகுண்டாவில் ரயில் ஏறினோம். காளஹஸ்தியில் சிவராத்திரி பிரம்மோற்சவத்துக்கு முதல் கொடி கோயிலில் ஏறாது, கண்ணப்பர் மலையில்தான் ஏறும், அடியாருக்கு ஏற்றிவிட்டுத்தான் சாமிக்கு என்று வழியில் சொன்னேன். அதைப் பார்க்க வேண்டும் என்றாள். பரிகாரம், பூஜை எதுவும் வேண்டாம், சும்மா பார்க்க வருகிறேன் என்றாள். அப்படி வந்தால் திரும்பும்போது எங்கள் வீட்டுக்கும் வரலாம், இட்லிக்கு மாவு அரைத்து வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஏகாம்பரகுப்பத்தில் இறங்கிக்கொண்டேன்.