பத்தாவது வாதைக்கு முன்னும் பின்னும்

ஏப்ரல் 3, வியாழன்

பிள்ளைகளுக்குப் போடுகிற படத்தைப் பெரியவர் ஒருவர் முதலில் தனியாக, முழுசாகப் பார்த்துவிட வேண்டும். சின்ன வயதில் பார்த்த ஞாபகம் போதாது. 'பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்', மோசேயின் கதையைச் சொல்லும் கார்ட்டூன் படம், 1998, 99 நிமிடம். நோட்டில் மூன்று குறி: பயப்படும் இடத்துக்கு 'ப', வேதத்திலிருந்து விலகும் இடத்துக்கு 'வி', கேள்வி வரும் இடத்துக்கு 'கே'. பக்கத்திலேயே நிமிடக் கணக்கு.

எகிப்தின் தலைப்பிள்ளைகள் சாகிற பத்தாவது வாதைக்கு 'ப', 'கே' இரண்டும்.

ஏப்ரல் 4

வகுப்பில் அந்தச் சிறுமி, அவளும் வருகிறாளாம். அவள் அம்மா சொல்லியனுப்பியிருக்கிறார்கள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஓய்வுநாள் பள்ளியில், மோசேயின் கதை வரும் வேதப் புத்தகமான யாத்திராகமம் 1, 2 அதிகாரங்கள் வாசித்தாயிற்று. படத்துக்கு ஒரு வாரம் முந்தி வாசிப்பதுதான் சரி. படம் பார்த்துவிட்டு வாசித்தால் வசனத்தின் மேல் படத்து முகங்கள் ஏறி உட்கார்ந்துகொள்ளும், பிறகு இறக்கவே முடியாது. முதலில் வாசித்துவிட்டால் எது எங்கே மாறியிருக்கிறது என்று பிள்ளைகளே பிடிப்பார்கள்.

நாணற்பெட்டியைக் கண்டவள் பார்வோனின் குமாரத்தி (2:5). படத்தில் ராணி எடுக்கிறாள். ஆரோன் மோசேக்காகப் பேச வேண்டியவன் (4:14-16). படத்தில் மோசேயே பேசுகிறான். பார்வோன் முன் நிற்கும்போது மோசேக்கு 80 வயது (7:7) என்றால் சின்னப் பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள், வசனத்தைக் காட்ட வேண்டும்.

இவையெல்லாம் சின்ன வித்தியாசங்கள். பெரியது 2:12. அங்கும் இங்கும் பார்த்து, ஆள் இல்லை என்று தெரிந்துகொண்டு மோசே, எபிரெயன் ஒருவனை அடித்த எகிப்தியனைக் கொல்கிறான், மணலில் புதைக்கிறான். படத்தில் அது கைமீறி நேர்ந்த சாவு. "ஏன் மாத்தியிருப்பாங்க?" என்று ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளிடம் கேட்கலாம். மோசேயை நமக்குப் பிடிக்க வேண்டுமே என்றுதான் என்று அவர்களுக்கே தெரியும். வேதம் மோசேயின் கறையைத் துடைக்கவில்லை. அந்தக் கறையோடுதான் தேவன் அவனை முட்செடியண்டை கூப்பிட்டார். இந்த ஒன்றுக்கே அரை மணி நேரம் ஒதுக்கலாம்.

ஏப்ரல் 7

கலையின் பொருட்டும் சரித்திரத்திலும் சில மாற்றங்கள் செய்திருக்கிறோம், மூலக்கதை யாத்திராகமத்தில் இருக்கிறது என்று படம் தொடங்கும்போதே ஆங்கிலத்தில் எழுத்து வரும். அதைத் தமிழில் எழுதி வைத்துச் சத்தமாக வாசிக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் வித்தியாசம் கண்ட பிள்ளை "படம் பொய் சொல்லுது" என்பான், வகுப்பு குற்றம் கண்டுபிடிக்கும் விளையாட்டாகப் போய்விடும்.

ஏப்ரல் 9

தூக்கம் வரவில்லை. அந்தக் காட்சிதான்.

வானத்திலிருந்து வெளிச்சம் இறங்கி வீடு வீடாக நுழைகிறது. பாட்டு இல்லை. சத்தம் இல்லாததால்தான் பிள்ளைகள் அதிகம் பயப்படுவார்கள். ஓட்டிவிடலாம் என்றால் இரத்தம் பூசிய நிலைக்கால்களுக்கு அர்த்தமில்லாமல் போகும், அந்த வீடுகளைச் சாவு கடந்துபோனதை நினைக்கும் பஸ்காவே இல்லாமல் போகும். ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களை அந்த நேரம் பக்கத்து அறையில் வர்ணம் தீட்ட வைக்கலாம். அவளுக்கு எட்டு வயது.

பார்வோன்தான் முதலில் எபிரெய ஆண்பிள்ளைகளை நதியில் போடச் சொன்னான் (1:22) என்று பதில் சொல்வது வழக்கம். கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனால் கேட்கிற பிள்ளை கணக்குக் கேட்கவில்லையே.

ஏப்ரல் 10

அவள் அம்மாவிடம் அந்தக் காட்சியை ஒளிக்காமல் சொல்லியாயிற்று. "அவ இருக்கட்டும்" என்றார்கள்.

ஏப்ரல் 12, சனி

படம். முட்செடிக் காட்சி வரை ஒரு பாகம், 15 நிமிடம் மோரும் முறுக்கும், பிறகு மீதி. ஒரு விளக்கு எரிந்தபடியே இருந்தது. நடுவில் நிறுத்தி விளக்கம் சொல்லக் கூடாது. ஒருதரம் நிறுத்தினாலே அடுத்த காட்சியில் பிள்ளைகள் திரையை விட்டுவிட்டு நம் முகத்தைப் பார்க்கத் தொடங்குவார்கள்.

முடிந்த உடனே பேசவும் கூடாது. ஒரு ராத்திரி போகட்டும்.

அவள் கண்ணை மூடவில்லை.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

"என்ன கத்துக்கிட்டீங்க?" என்று மட்டும் தொடங்கக் கூடாது. "கீழ்ப்படியணும்" என்று ஒப்பித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். "எந்த இடத்துல முகத்தை மூடிக்கணும்னு தோணுச்சு?" என்று கேட்டதும் ஏழு கை உயர்ந்தது. முதலில் மனசில் பட்டது, அடுத்து படம் என்ன காட்டியது, கடைசியில் வேதம் என்ன சொல்கிறது. வரிசை மாறினால் பேச்சு செத்துவிடும்.

பாட்டு விஷயத்தைப் பையன் ஒருவன் கண்டுபிடித்தான். படத்தில் எகிப்தை விட்டுப் புறப்படும்போதே பிள்ளைகள் எபிரெயுவில் பாடுகிறார்கள். அந்த வரிகள் 15-ஆம் அதிகாரத்துப் பாட்டு, கடலைக் கடந்த பிறகு பாடியது. கடலுக்கு முன்னால் பாடுவது விசுவாசமா, கடந்த பிறகு பாடுவது நன்றியா என்று அவர்களே வாதாடினார்கள். அருமையான பதினைந்து நிமிடம்.

அடுத்து, "ஜெயிச்ச மோசே ஏன் சுவத்துல சாஞ்சு அழுறான்?" வேதத்தில் அந்த அழுகை இல்லை. எகிப்தில் உண்டான கூக்குரல் இருக்கிறது (12:30). அந்த வசனத்தை வாசித்து முடிக்கும் முன்னே அவள் கேட்டாள்:

"எகிப்துல இருந்த அண்ணன் என்ன தப்பு பண்ணினான் அக்கா?"

1:22 வாயில் வரவில்லை. யாரும் பேசவில்லை. அந்த வசனத்தையே இன்னொருதரம் மெதுவாக வாசித்து ஜெபத்தோடு முடித்தோம்.

ஏப்ரல் 15

பதில் சொல்லியிருக்க வேண்டுமோ.

ஏப்ரல் 16

இல்லை. எட்டு வயதில் கேட்டதை அவள் ஆண்டவரிடமே நேராகக் கேட்கட்டும். சங்கீதக்காரன் கேட்டதுபோல.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

வர்ணம் தீட்டும் தாள்: ஏ4-இல் ஆறு வீடுகள், மூன்று எபிரெயருடையவை, மூன்று எகிப்தியருடையவை. எபிரெய வீடுகளில் மட்டும் இரண்டு நிலைக்கால்களிலும் மேற்சட்டத்திலும் சிவப்பு தீட்டச் சொன்னது.

அவள் ஆறு வீட்டுக்கும் தீட்டியிருக்கிறாள்.

நாளை மும்மணி ஆராதனை, 12 மணிக்கு. சிவப்பு கிரயான் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.