ஏழு சனி, இரண்டு வெள்ளி: அயோவா சிட்டி நாட்குறிப்பு

ஆகஸ்ட் 30, 2024, வெள்ளி

அப்பா அமெரிக்காவுக்கு வந்து பத்து நாளாகிறது. பாளையங்கோட்டையில் முப்பத்திரண்டு வருஷம் பி.டி. வாத்தியாராக இருந்தவர். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து விறுவிறுவென்று நடந்துவிட்டு வருவார், பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். ஆறு மாதத்தை இப்படியே எப்படித் தள்ளப்போகிறார் என்று எனக்குக் கவலை.

இன்று சாயங்காலம் மெல்ரோஸ் அவென்யூவில் இரண்டு பேரும் நடந்தோம். வீட்டுக்கு வீடு கறுப்பும் மஞ்சளுமாகக் கொடி. நாளை அயோவா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு இந்தப் பருவத்தின் முதல் ஆட்டம். எங்கள் பக்கத்து வீட்டம்மா தன் புல்தரையில் வெள்ளைச் சாயத்தால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நாளைக்கு வரும் கார்களை நிறுத்துவதற்கான கோடு. வயது எழுபதுக்கு மேல். குனிந்து குனிந்து போட்டதில் கோடு வாய்க்கால் மாதிரி வளைந்திருந்தது. அப்பா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"கயிறு கட்டாம கோடு போட்டா எப்பிடி நேரா வரும்? கேட்டுச் சொல்லும்மா, கயிறு இருக்கான்னு."

கேட்டேன். அந்தம்மா கார் கொட்டகையிலிருந்து ஒரு கண்டு நூல்கயிறு கொண்டுவந்தார். இரண்டு முளையடித்து, கயிறை இழுத்துக் கட்டி, அரை மணி நேரத்தில் அப்பா ஆறு கோடுகள் போட்டு முடித்தார். ஓட்டப்பந்தயத் தடம் போல இருந்தது. அந்தம்மா இவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். இரவு சாப்பிடும்போது அப்பா தானாகவே கேட்டார்: "நாளைக்கு எத்தனை மணிக்கு ஆட்டம்?"

ஆகஸ்ட் 31, சனி

பகல் பதினோரு மணி ஆட்டத்துக்குக் காலை ஆறரைக்கே முதல் கார் வந்துவிட்டது. மாநிலத்தின் வடமேற்கு மூலையிலிருந்து ஐந்து மணி நேரம் ஓட்டி வந்த ஒரு குடும்பம். இருபது வருஷமாக இதே புல்தரைதான் அவர்களுக்கு. அந்தம்மாவிடம் வீட்டுச் சாவி வாங்கிக் கழிப்பறை போய்வரும் உரிமை வரைக்கும் உண்டு. காரின் பின்கதவைத் திறந்து, அடுப்பை இறக்கி, இறைச்சியைச் சுட ஆரம்பித்துவிட்டார்கள். டெயில்கேட் என்பது இதுதான். டிக்கெட்டே இல்லாமல் இதற்கென்று மட்டும் வருகிறவர்களும் நிறைய.

அயோவா சிட்டியில் ஏறத்தாழ 75 ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கின்னிக் ஸ்டேடியத்தில் 69,250 பேர் உட்காரலாம். ஆட்டத்தன்று ஊருக்குள் இன்னொரு ஊர் வந்து இறங்குகிறது. எங்கள் தெரு இருக்கும் யூனிவர்சிட்டி ஹைட்ஸ் தனியாக ஒரு குட்டி நகராட்சி. சுற்றிலும் அயோவா சிட்டி, நடுவில் ஆயிரத்துச் சொச்சம் பேர் மட்டும் நாங்கள்.

ஏன் இவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்கள் என்று அப்பா கேட்டார். இந்த மாநிலத்தில் தொழில்முறைக் கால்பந்து அணி கிடையாது, பெரிய பேஸ்பால் அணியோ கூடைப்பந்து அணியோகூடக் கிடையாது. 99 மாவட்டங்களிலும் இருக்கிற விவசாயி, வாத்தியார், லாரி ஓட்டுநர் எல்லாரும் தங்களுடையதென்று சொல்லிக்கொள்ளக் கல்லூரி அணிகள்தான். எங்கள் பல்கலைக்கழக அணிக்கு ஹாக்ஐஸ் என்று பெயர், அது மாணவர்களின் அணி மட்டுமில்லை.

அப்பா சொன்னது: "ஆனித் தேருக்கு நாலு ரத வீதியிலயும் இப்பிடித்தான் நிப்பாவ. கோயில் ஊருக்கு நடுவுல இருக்கு பாத்தியா, அதான்."

இல்லினாய் ஸ்டேட்டை 40-0 என்று ஜெயித்தோம்.

செப்டம்பர் 7, சனி

தோற்றோம். 20-19. பாதி ஆட்டத்தில் 13-0 என்று முன்னால் இருந்தும் தோற்றோம். ஆறு விநாடி மிச்சமிருக்கும்போது அயோவா ஸ்டேட் பையன் 54 கெஜத்திலிருந்து பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினான்.

ஒரே மாநிலத்தின் இரண்டு பல்கலைக்கழகங்கள். ஒரே வீட்டில் அண்ணன் இங்கே படித்திருப்பான், தங்கை அங்கே ஏம்ஸில் படித்திருப்பாள். எதிர் வீட்டில் அப்படித்தான். ஜெயித்த தங்கை சிவப்புச் சட்டையோடு, தோற்ற அண்ணனின் தட்டில் உருளைக்கிழங்கு சாலட் வைத்துக்கொண்டிருந்தாள். அவன் பேசவில்லை. ஆனாலும் சாப்பிட்டான்.

இரவு எட்டு மணிக்கு அப்பாவும் நானும் தெருவில் இறங்கினோம். குப்பைப் பையோடு நாலைந்து பேர் நடந்துகொண்டிருந்தார்கள். யாரும் கூப்பிட்டு வந்தவர்கள் இல்லை. அப்பாவும் ஒரு பையை வாங்கிக்கொண்டார். ஜெயித்த அன்றைக்கு ஊர் எப்படி இருக்கும் என்பதை எந்த ஊரிலும் பார்க்கலாம். தோற்ற ராத்திரியில் தெருவைப் பெருக்க ஆள் இறங்கும் ஊரைத்தான் நான் மதிக்கிறேன்.

செப்டம்பர் 21, சனி

மின்னசோட்டாவில் ஆட்டம். தெருவில் ஈ காக்கை இல்லை. டிவி முன்னால் அப்பா, என் மகன், நான். 31-14 என்று ஜெயித்து வெண்கலப் பன்றியைத் தூக்கிக்கொண்டார்கள். 1935-இல் இரண்டு மாநில ஆளுநர்கள் வைத்த பந்தயம். அன்றைக்கு உயிருள்ள பன்றி, இன்றைக்குச் சிலை.

அப்பாவுக்கு விதிகள் பிடிபட்டுவிட்டன. நாலு முயற்சியில் பத்து கெஜம் போக வேண்டும். முடியாது என்று தெரிந்தால் நாலாவது முயற்சியில் பந்தை உதைத்து எதிராளியைப் பின்னால் தள்ள வேண்டும், அது பண்ட். முதலில் "காலால தொடவே இல்ல, இதுக்குப் பேரு கால்பந்துங்காவ?" என்றவர், பண்ட் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அயோவாக்காரர்கள் அதற்குக் கை தட்டுகிறவர்கள். போன வருஷம் வரை இங்கே ஆடிய டோரி டெய்லர் மெல்போர்னிலிருந்து வந்தவர். 2023-இல் ஒரே பருவத்தில் 4,479 கெஜம் உதைத்தது தேசியச் சாதனை. இப்போது உதைக்கும் ரீஸ் டாக்கினும் ஆஸ்திரேலியப் பையன்தான். "எத்தனை உயரம் போகுதுன்னு பாரு. கீழ வாறதுக்குள்ள நம்ம பயலுவ அங்க போயிருதானுவ" என்றார். 'நம்ம பயலுவ' என்று அவர் சொன்னதை என் மகனும் கவனித்தான்.

அக்டோபர் 12, சனி

என்னோடு வேலை செய்பவர் தன் இரண்டு டிக்கெட்டைக் கொடுத்தார். அப்பாவுக்கு ஒரு கறுப்பு ஸ்வெட்டர், மஞ்சள் தொப்பி. வீட்டிலிருந்து நடந்தே போனோம், பதினைந்து நிமிஷம்.

தெற்கு வாசலில் நைல் கின்னிக்கின் சிலை. மாணவன் கோலத்தில் நிற்கிறான். 1939-இல் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரனுக்கான ஹைஸ்மன் விருதை வாங்கியவன். விருது மேடையில் அவன் பேசியது, ஐரோப்பாவின் போர்க்களத்தில் போரிடாமல் அமெரிக்க மத்திய மேற்கின் ஆட்டக்களத்தில் போரிட்டதற்காகக் கடவுளுக்கு நன்றி என்பது. நாலு வருஷம் போகவில்லை. 1943 ஜூனில் கடற்படைப் பயிற்சிப் பறத்தலின்போது வெனிசுலா பக்கத்துக் கடலில் விமானம் விழுந்து இறந்துபோனான். வயது 24. 1972-இல் ஸ்டேடியத்துக்கு அவன் பெயர் வைத்தார்கள். அயோவா சேர்ந்திருக்கும் பிக் டென் என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் ஆட்டங்களில் சுண்டும் காசில் அவன் முகம்தான் இருக்கும். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அணி உள்ளே வரும்போது ஓடி வருவதில்லை. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கூட்டமாக மெதுவாக வருகிறார்கள். ஹெல்மெட்டில் சின்னதாக ஒரு மஞ்சள் வட்டம், அதில் மூன்று எழுத்து. 'அமெரிக்காவுக்கு விவசாயிகள் வேண்டும்' என்பதன் சுருக்கம். 1985-இல் கடன் தாளாமல் பண்ணைகள் ஏலத்துக்குப் போன காலத்தில் பயிற்சியாளர் ஹேடன் ஃப்ரை ஒட்டவைத்தது. எதிரணி உடை மாற்றும் அறைக்கு இளஞ்சிவப்பு அடித்தவரும் அவர்தான், உளவியல் படித்தவர். அவர் 1979-இலிருந்து 1998 வரை. 1999-இலிருந்து இன்று வரை கிர்க் ஃபெரன்ட்ஸ். நாற்பத்தைந்து வருஷத்தில் இரண்டே பயிற்சியாளர்கள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவருக்கு இருவரையும் வீட்டு மனிதர்களைப் போலத்தான் தெரியும்.

முதல் கால் பகுதி முடிந்தது. நான் அப்பாவிடம் எதுவும் சொல்லி வைக்கவில்லை.

அத்தனை பேரும் எழுந்து ஒரே பக்கமாகத் திரும்பினார்கள். ஆட்டக்காரர்கள், நடுவர்கள், எதிரணி ஆட்கள், எல்லாரும். சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தைகள் மருத்துவமனை, பதினாலு மாடி, கண்ணாடி ஜன்னல்கள். மேல்மாடி ஜன்னல்களில் குழந்தைகள் நிற்கிறார்கள், கை ஆட்டுகிறார்கள். கீழேயிருந்து அத்தனை கைகளும் அவர்களைப் பார்த்து ஆடுகின்றன. 2017-இல் அந்தக் கட்டடம் திறந்த வருஷம், முகநூலில் ஒரு பெண் எழுதிய யோசனை இது. அன்றிலிருந்து ஒரு ஆட்டத்திலும் தவறவில்லை.

அப்பா வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார். பள்ளிக்கூட மைதானத்தின் அந்தக் கோடியிலிருக்கும் பையனைக் கூப்பிடுகிற மாதிரி. உட்காரச் சொன்னபோது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாஷிங்டனை 40-16 என்று ஜெயித்தோம். திரும்பி வரும் வழியில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அந்தப் பிள்ளையளுக்கு நாம தெரிஞ்சிருப்போமா?" என்று மட்டும் கேட்டார்.

நவம்பர் 2, சனி

மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் எனக்கு மாலைப் பணி. விஸ்கான்சினோடு ஆறரை மணி ஆட்டம். இடைவேளை கிடைத்ததும் எங்கள் கட்டடத்து மேல்தளத்துக்கு ஏறினேன்.

அப்பா கேட்டதற்குப் பதில் அங்கே இருந்தது. முதல் கால் பகுதி முடிந்ததும் ஸ்டேடிய விளிம்பு முழுவதும் கைபேசி வெளிச்சம். ஒவ்வொரு முகமும் தெரியாதுதான். ஆனால் எல்லாம் இந்தப் பக்கம் திரும்பியிருப்பது நன்றாகத் தெரிந்தது. என் பக்கத்தில் பச்சை உடுப்பில் மூன்று பேர் நின்றிருந்தார்கள், ஒருவர் கையில் இன்னும் சாண்ட்விச். எங்களுக்கு மேலே எங்கோ ஒரு ஜன்னலில் டார்ச் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. ஒரு குழந்தைதான் எரித்திருக்க வேண்டும்.

42-10. அதை லிஃப்டில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

நவம்பர் 9, சனி

நேற்று ராத்திரி கலிஃபோர்னியாவில் யுசிஎல்ஏவிடம் 20-17 என்று தோற்றார்கள். புகழ்பெற்ற ரோஸ் பௌல் மைதானம். மலைக்குக் கீழே எவ்வளவு அழகு! ஆனால் அது இருப்பது பசடீனாவில், பல்கலைக்கழகத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி. அங்கே படிக்கும் பிள்ளை ஆட்டத்துக்கு நடந்து போக முடியாது. ஒரு ஆட்ட ஊரை அளக்க எனக்கு இதுதான் உரைகல். ஆட்டம் நடக்கிற சத்தம் நூலகத்தில் இருக்கிறவனுக்கும், சமையலறையில் இருக்கிறவளுக்கும், படுக்கையில் இருக்கிற நோயாளிக்கும் கேட்க வேண்டும். இருக்கை எண்ணிக்கையில் மிச்சிகனும் பென் ஸ்டேட்டும் லட்சத்தைத் தாண்டும். பெருமைதான். ஆனால் நான் ஊரை அளப்பது அதை வைத்து இல்லை.

இன்னொன்று. இந்த ஊருக்குக் கால்பந்து மட்டுமே முகவரி இல்லை. உலகெங்குமிருந்து எழுத்தாளர்களை வரவழைத்துத் தங்கவைக்கும் திட்டம் 1967-இலிருந்து இங்கே நடக்கிறது, தமிழ்நாட்டிலிருந்தும் வந்து தங்கியிருக்கிறார்கள். 2008-இல் யுனெஸ்கோ இதை இலக்கிய நகரமாக அறிவித்தது. சனிக்கிழமை கத்திவிட்டு ஞாயிற்றுக்கிழமை கவிதை வாசிப்புக்கு வருகிறவர்களை எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைக்கும் ஏதாவது வைத்திருக்கிற ஊர்தான் சனிக்கிழமையைத் தாங்கும்.

நவம்பர் 29, வெள்ளி

நன்றி தெரிவிக்கும் நாளுக்கு மறுநாள். பக்கத்து மாநிலம் நெப்ராஸ்கா. இரவு ஆட்டம். தண்ணீர் உறையும் குளிரையும் தாண்டிய குளிர். அப்பாவை வெளியே விட முடியாது என்று சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டம்மா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார், கையில் பம்ப்கின் பை என்கிற பூசணி இனிப்போடு. நான் சுக்குக் காப்பி போட்டேன்.

பாதி ஆட்டத்தில் 0-10. இந்தப் பருவம் முழுக்க ஓடியே 21 டச் டவுன் (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவது) போட்டுப் பல்கலைக்கழகச் சாதனையை முறியடித்த கேலப் ஜான்சன்கூட முடங்கிக் கிடந்தான். பிறகு அவனே எறிந்த பந்தைப் பிடித்துக்கொண்டு 72 கெஜம் ஓடினான். 10-10. கடைசி நிமிஷத்தில் எதிரணி குவார்ட்டர்பேக்கின், அதாவது பந்தை எறிகிறவனின், கையிலிருந்து பந்தை மேக்ஸ் லெவெலின் தட்டிவிட, நம் பக்கம் விழுந்தது. ட்ரூ ஸ்டீவன்ஸ் 53 கெஜத்திலிருந்து உதைக்க வந்தான். அதற்குமேல் நேரம் இல்லை.

அந்தம்மா கண்ணை மூடிக்கொண்டார். அப்பா எழுந்து நின்றார்.

தெருவின் சத்தம் டிவிக்கு முன்னால் வந்தது. ஒளிபரப்பு சில விநாடி பின்தங்கும், ஸ்டேடியம் பதினைந்து நிமிஷ நடை. திரையில் பந்து இன்னும் தரையில்தான் இருந்தது, வெளியே ஊர் அலறியது. 13-10. அந்தம்மா கண்ணைத் திறக்காமலே சிரித்தார்.

நவம்பர் 30, சனி

காலையில் அந்தம்மா கார் நிறுத்தப் பலகையைப் பிடுங்கி உள்ளே வைத்தார். பனி பெய்துவிட்டால் முளைகளையும் எடுக்க முடியாது என்று அப்பா போய்ப் பிடுங்கிக் கொடுத்தார். கயிறைச் சிக்கில்லாமல் முழங்கையில் சுற்றிக் கண்டாக்கி, ஆணியில் மாட்டினார்.

அடுத்த பருவத்தின் முதல் ஆட்டம் என்றைக்கு என்று மகனிடம் கேட்டிருக்கிறார். அவன் பார்த்துச் சொன்னான்: 2025 ஆகஸ்ட் 30. அப்பாவின் விசா பிப்ரவரி வரை. மத்தியானம் என்னிடம் வந்து, ஊருக்குப் போய்விட்டுத் திரும்ப வர எத்தனை மாதம் இடைவெளி விட வேண்டும் என்று கேட்டார்.